இரண்டு அலுவலகத்துக்கும் ஐந்து

தீபாவளி ஆர்டர் சூடுபிடிக்கும் ஆவணி மாதத்தில் சிவகாசிக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. நானும் வேலைக்காகத்தான் போனேன். ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஊர் அலுவலகத்தையும், வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் ஆலை அலுவலகத்தையும் நெட்வொர்க்கில் இணைக்க வேண்டும். என்னைப் போல ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து சிவகாசி எழுபத்தைந்து கிலோமீட்டர், பேருந்தில் இரண்டு மணி நேரம். ஊர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் மாரியம்மாள் அக்கா டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கே முடிஞ்சிருமா சார்?" என்று மூன்று முறை கேட்டார். சீசன் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஆலைக்கு இருபது கிலோமீட்டர், கம்பெனி வேனில் போனேன். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெடிமருந்து அறைகள் இருக்கிற இடம். உள்ளே ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வாசலோர அலுவலகத்துக்குத்தான் போன் போட வேண்டும். அங்கிருந்து ஒருவர் அறைக்கு நடந்து போய்க் கேட்டு வருவார்.

ரவுட்டரை மாட்டி, வழியும் போட்டாயிற்று. தகவல் ஒன்றும் போகவில்லை. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் கண்ணில் பட்டது: இரண்டு பக்கமும் நெட்வொர்க் எண் 192.168.5. ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஊர்க் கணினி ஆலையை உள்ளூர்த் தெரு என்றே நினைத்து எதையும் வெளியே அனுப்பவில்லை. விசாரித்தால், முதலாளிக்கு ராசி எண் ஐந்தாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிவகாசிக்குத் திரும்பி, ஒரு பக்கம் ஐந்தை விட்டாக வேண்டும் என்றேன்.

"ஆலையில இருக்கட்டும். அங்கனதான் ராசி வேணும்" என்றார் முதலாளி.

"அஞ்சு இருந்துந்தானே எந்தங்கச்சி செத்தா, முதலாளி" என்றார் மாரியக்கா.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அக்காவே என்னிடம் சொன்னார். "போன சீசன்ல, எம்புட்டுப் பெட்டி ஆச்சுன்னு நாந்தான் சார் போன் போட்டேன். தங்கச்சி செல்வி ஆலை ஆபீஸ்லதான் இருந்தா. கேட்டுட்டு வாரேன்க்கான்னு அறைக்கு நடந்து போனா. வெடிச்சிருச்சு."

இனி பெட்டிகள் வெளியே வர வர ஆலைக் கணினியில் ஏற்றுவார்கள். அது இங்கே தெரியும். யாரும் அறைக்குப் போய்க் கேட்க வேண்டாம். இணைப்பு எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதலாளி தலை நிமிராமல், "ரெண்டு பக்கமும் அஞ்சை எடுத்துருங்க சார்" என்றார்.

மறுபடி வேன் ஏறி ஆலையை ஆறாக்கினேன். திரும்பி வந்து ஊரை ஏழாக்கினேன். வழி திறந்தது. முதலாளி பழக்கத்தில், "மாரி, எம்புட்டு ஆச்சுன்னு கேளு" என்றார். அக்காவின் கை போன் வரை போய்த் திரும்பியது. திரையைப் பார்த்து, "நானூத்திப் பத்துப் பெட்டி" என்றார். பிறகு என்னிடம், "யாரும் எந்திரிச்சுப் போகலைல்ல சார்?"

"இல்லக்கா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. நான் போட்ட வழி ஒரு சீசன் பிந்திவிட்டது.

போகிறவர்கள் கிளம்பும் முன்பே இரண்டு பக்க எண்களையும் கேட்டு வாங்குங்கள். போன் வாசலோடு நின்றுவிடும்; குறிப்புகளைக் காகிதத்தில் வைத்திருங்கள். இன்றைக்கே முடியுமா என்று யாராவது மூன்று முறை கேட்டால், கடைசிப் பேருந்து போனாலும் பரவாயில்லை, முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.