மகாதேவன் அண்ணரின் மூக்குக்கு ஒரு தேயிலை

எனக்கென்று சனிக்கிழமைகள் இருந்த காலம் ஒன்று உண்டு. விஜயா அக்கா அவற்றை எழுதி வாங்கிக்கொண்டார்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மல்கிரேவில் எனக்கு அடுத்த வீடு. கோயம்புத்தூர்க்காரி. வாரநாட்களில் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை. சனிக்கிழமைகளில் கடைகடையாகத் தேயிலைப் பரிசோதனை. கார் ஓட்டுவது நான். அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, துணிவுதான் இல்லை.

அவருடைய கணவர் மகாதேவன் அண்ணருக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் போனது, இருமல் போனது, கூடவே வாசனை அறியும் சக்தியும் போய்விட்டது. தினமும் எதையாவது முகர்ந்து பழகச் சொன்னார் டொக்டர். மனிதரோ ரசத்தையும் வெந்நீரையும் ஒரே முகத்தோடு குடித்தார். "உன் சமையலும் ஆஸ்பத்திரிச் சாப்பாடும் இப்ப எனக்கு ஒண்ணுதான் விஜி" என்று ஒருநாள் பகிடி விட்டார். அக்கா குசினிக்குள் போய் அழுதார். எனக்கு அண்ணரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல வந்தது.

பெண் பார்க்க வந்த அன்று அவர் முதலில் புகழ்ந்தது டீ வாசனையைத்தானாம். அதே டீயால் அந்த மூக்கை எழுப்பிக் காட்டுகிறேன் என்று அக்கா கிளம்பிவிட்டார்.

தேயிலைத்தூள் அடைத்த ரீ பாக்கைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "நூல்ல கட்டின குப்பை" என்பார். இலையாக வேண்டும், முகர்ந்துதான் வாங்குவார். கிளென் வேவர்லியில் ஒரு சீனக் கடையில் பெரிய டப்பாக்களைத் திறந்து திறந்து முகர்ந்தவர், மல்லிகைத் தேயிலைக்குள் தும்மிவிட்டார். டப்பா முழுவதையும் வாங்கவேண்டியதாயிற்று. இன்றுவரை அதை என் வீட்டில்தான் குடிக்கிறோம்.

ரோவிலில் எங்கள் ஊர்க்காரர் இரத்தினசிங்கம் அங்கிளின் பலசரக்குக் கடையில் சண்டையே வந்தது.

"பிள்ளை, பைக்கற்றை உடைச்சு மணக்கிறதுக்கு இது என்ன பூக்கடையே?"

"மோந்து பாக்காம மீன் வாங்குவீங்களா அங்கிள்?"

அங்கிள் முறைத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இது நான் குடிக்கிறது. நுவரெலியாத் தேயிலை. கொண்டு போங்கோ, ஆனா திரும்பி வராதேங்கோ." அவிழ்த்ததும் கடை வாசல் வரை மணந்தது.

தன் வீட்டுக்கு வந்ததும் அக்கா பாலை அடுப்பில் ஏற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ அக்கா, இதுக்குப் பால் விடாதேங்கோ! வெறும் கொதிதண்ணி போதும்."

"பால் இல்லாம என்னடி டீ? அது கஷாயம்!"

"பாலிலை அவிச்சு எடுக்கிறது பாயாசம், தேத்தண்ணி இல்லை. மணந்து பாருங்கோ, இந்த மணத்தைக் கொல்லப்போறீங்களே?"

அவர் பொட்டலத்துக்குள் மூக்கை விட்டார். பிறகு நான் விட்டேன். பிறகு மறுபடி அவர். பால் டீ நாடு, வெறுந்தேத்தண்ணி நாடு என்று பிரிந்து நின்று வாதாடினோம்.

"விஜி!" முன்னறையிலிருந்து அண்ணரின் குரல். "அங்க என்ன பண்றீங்க? பால் அடிப்பிடிக்குது!"

திரும்பினோம். பால் வற்றி, அடி கருகிக்கொண்டிருந்தது. நல்ல மூக்கு உள்ள இருவரும் பக்கத்திலேயே நின்றிருந்தோம்.

"என்ன சொன்னீங்க?" அக்கா குரல் கொடுத்தார்.

"பால் தீயுதுன்னேன். இங்க வரைக்கும் எனக்கே வாசனை வரு..." முன்னறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

நான் அடுப்பை நிறுத்தக் கையை நீட்டினேன். கூரையில் ஸ்மோக் அலாரம் அப்போதுதான் அலறத் தொடங்கியது. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இருடி யாமினி," என்றார். "இன்னும் கொஞ்சம் தீயட்டும்."