மான் படத்தோடு வந்த கடிதம்

கடிதத்தில் இல்லாததை இருப்பதாகப் படித்தேன். தெரிந்தேதான் படித்தேன். வாய் தவறி வந்திருக்கும் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்!

சரோஜா என் கொழுந்தனின் மனைவி. அவளை எனக்குப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது. நான் பி.ஏ. படித்துவிட்டு வந்த மூத்த மருமகள். அவள் எட்டாவதோடு நின்றவள். ஆனால் வீட்டில் எல்லோர் வாயிலும் அவள் பெயர்தான்... என்னிடம் என்ன குறை கண்டார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்த எங்கள் நூல் மில்லுக்கு ஜப்பானிலிருந்து இயந்திரம் வந்தது. அதைப் பொருத்த வந்த இன்ஜினியருக்கு வயிறு கெட்டுப்போனபோது, சரோஜா பத்து நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஊர் திரும்பியவர் அவள் பெயருக்கு ஒரு பார்சல் அனுப்பினார். அவருக்கு ஈடுகொடுத்து ஆங்கிலம் பேசியவள் நான். பரிசு மட்டும் அவளுக்கு!

பட்டுக்கரை வைத்து, பாய்போல் சுருட்டிய நீளப் படம். பிரித்துத் தொங்கவிட்டால் ஒரு மான், தலையை நிமிர்த்திக் கத்துகிறது. அதன்மேல் சிவந்த இலைகள் உதிர்கின்றன. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அதை என்னிடம் கொண்டுவர அவளுக்குப் பயம். நான் எரிந்து விழுவேன் என்று தெரியும். படத்தைத் தன் அறையில் மாட்டினாள், கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

ஐந்தாம் மாதம் கரு கலைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மாமியார் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். "இதென்ன அம்மணி, எலையெல்லாம் கொட்டிப் பட்டுப்போன மரமாட்ட இருக்குது?" என்றார். நம் ஊரில் அப்படிச் சிவந்து உதிரும் பருவம் ஏது? அவர் கண்ணுக்கு அது பட்ட மரம்தான்.

சரோஜா கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். "ஏனுங்க்கா, இதுல என்னங்க எழுதியிருக்குது?"

இதுதான் எழுதியிருந்தது: இலை உதிர்ந்தாலும் மரம் மறுபடி துளிர்க்கும். மான் தன் துணையைக் கூப்பிடுகிறது. இலை உதிரும் பருவத்தில் மட்டும் மாட்டுங்கள், பிறகு சுருட்டி வையுங்கள்.

நான் படித்தேன்... "வயித்துல புள்ள இருக்கற ஊட்டுல இதை மாட்டக் கூடாதாமா. சுருட்டித்தான் வெக்கோணுமாமா. படிச்சுப் பாக்காம மாட்டிப்போட்டயே, கண்ணு!"

கண்ணு! அவளை நான் அப்படி அழைத்தது அந்த ஒரு முறைதான்.

அவள் அழவில்லை. படத்தைக் கழற்றிக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் தானே வைத்தாள். பட்டு எரிந்து மயிர் கருகிய நாற்றம் வீடெல்லாம் வீசியது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? கடிதத்தை மடித்து என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்காதீர்கள்... எனக்கே தெரியாது.

பிறகு அவளுக்குக் குழந்தையே தங்கவில்லை.

மூன்று வருடம் கழித்து என் மகள் பெரியவளானாள். சீர் நாளில் எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சரோஜா மட்டும் கதவோரம் நின்றாள். "நீயும் வந்து ஊத்து, சரோஜா" என்றார் மாமியார்.

"நா வேண்டாமுங்க அத்தை. எம்புள்ளைய நானே தொலைச்சவ... எங்கை ஆகாதுங்க. அக்கா அன்னைக்குப் படிச்சுச் சொல்லலீன்னா எனக்கு அதுகூடத் தெரிஞ்சிருக்காது." நன்றியோடு என்னைப் பார்த்தாள். நன்றியோடு!

ஒரு சொல் போதும். பீரோ பத்தடி தூரத்தில் இருந்தது. நான் சொன்னது பொய் என்று உலகத்தில் அறிந்த ஒரே ஆள் நான்.

ஆனால் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தேன். சரோஜாவின் கையைப் பார்த்தேன். பொய் என்று தெரிந்தும், அந்தக் கை என் மகள் தலையில் படுவதற்குப் பயந்தேன்...

"சரி, அவ அங்கயே நிக்கட்டுமுங்க அத்தை" என்றேன்.