பன்னிரண்டில் நான்கு வேறு

போன ஞாயிறு உக்குவளையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கலியாணத்தைச் சோழிகள் முடிவு செய்துகொண்டிருந்தன.

அக்கா மகள் திலகாவுக்கு, அவள் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. யட்டவத்தைப் பையன், சீகிரியாவில் திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. ஜாதகம் இல்லை. அதனால்தான் ஜோசியர் வந்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு சோழி, மூன்று தடவை. வாய் மேலே பார்த்து விழுபவை மூன்று தடவையும் ஒற்றைப்படை என்றால், சம்பந்தம் கிடையாது.

முதல் தடவை ஏழு. அடுத்தது ஒன்பது. திலகாவின் முகம் சுண்டிப்போயிற்று.

நான் குனிந்து ஒரு சோழியைக் கையில் எடுத்தேன்.

"ஐயா, இதெல்லாம் ஒரே இனம் இல்லீங்களே?"

"சும்மா இருடா தம்பி!" அக்கா அதட்டினாள்.

எப்படிச் சும்மா இருப்பது? ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராய்ச் சுற்றியதில், கற்பிட்டிக் கடற்கரையில் இரண்டு வருடம் சோழி தரம் பிரித்தவன் நான். சோழிக்குள்ளே சதை அழுகிய நாற்றத்திலேயே தூக்கம். இனத்தைக் கலந்து மூட்டை கட்டினால் அன்றைக்குச் சோறில்லை. அந்தப் பாடம் மறக்குமா?

பார்க்கத் தெரிந்தால் சுலபம். உருண்ட முதுகு, அதில் மெல்லிய ஆரஞ்சு வளையம், வழுவழுப்பான ஓரம் — அது ஒன்று. தட்டையான மஞ்சள் உடம்பு, ஓரமெல்லாம் முடிச்சு முடிச்சாய்ப் புடைப்பு — அது வேறு. நிறம் வெளுத்துவிட்டதா? ஓரத்தைத் தடவுங்கள், போதும்.

எட்டில் புடைப்பு. நான்கில் வளையம்.

"ரெண்டும் ஒரே மாதிரி விழாதுங்க ஐயா. உருண்டது ஆடிப் புரளும். தட்டை அப்படியே உக்காந்துரும்."

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீடு மாறுறப்போ நாலு தொலைஞ்சு போச்சு... சீகிரியா கடையில வாங்கிச் சேர்த்தேன். சோழின்னா சோழிதானேன்னு..."

"எப்ப வீடு மாறுனீங்க?" — திலகா.

"ரெண்டு வருசம் இருக்கும்மா."

"அப்ப போன வருசம் பக்கத்து வீட்டு லெச்சுமி கலியாணத்த நிப்பாட்டுனது இந்தச் சோழிதானா?"

ஜோசியர் சோழிகளைப் பைக்குள் அள்ளினார். மூன்றாம் தடவை போடவே இல்லை.

"தை மாசம் வச்சுக்குவோம்," என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

ஒன்றுபோல் தெரிவதையெல்லாம் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது... அந்த ஒரு நிமிடச் சோம்பலுக்கு லெச்சுமி ஒரு வருடம் கொடுத்திருக்கிறாள்.

வாசலில் ஜோசியர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஒரே இனமா பன்னெண்டு கெடைக்குமா?"

"நானே பொறுக்கித் தாரேன் ஐயா. மொதல்ல லெச்சுமி வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க."

தலையசைத்தார். பக்கத்து வீட்டுப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

சோழியைப் பொறுக்கிவிட்டேன். ஆனால் தை முடியட்டும்... அப்புறம்தான் கொடுப்பேன்.