எட்டு வருஷப் பயிலுநர்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் எட்டு வருஷமாக நிற்கிறேன். எட்டு வருஷமும் என் சேலைத் தோளில் ஒரே பெட்ஜ்தான். என் பெயருக்குக் கீழே பயிலுநர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு அறைச் சாவி கொடுப்பதிலிருந்து, தண்ணீர் சுடவில்லை என்று கத்துகிற விருந்தாளியைச் சமாளிப்பது வரை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் ஆறு மாதத்தில் நிரந்தரமாகி, பெட்ஜை மாற்றிக்கொண்டு, சிலர் மாலைதீவு வரைக்கும் போய்விட்டார்கள். நான் பயின்றுகொண்டே இருந்தேன்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கொரு தடவை நானேதான் முகாமையாளரின் அறைக்குப் போய், என்னை நிரந்தரமாக்க வேண்டாம் என்று கெஞ்சி, இன்னொரு வருஷத்துக்குப் பயிலுநர் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். நிரந்தரமானால் ஊழியர் சேமலாப நிதியில் பெயர் விழும். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, முதலாளியும் தன் பங்கைப் போட்டு, வயதான காலத்துக்கென்று சேர்த்துவைக்கிற நிதி அது. நல்ல விஷயம்தான். ஆனால் அதில் பெயர் விழுந்தவள் அரசாங்கத்தின் கண்ணுக்கு வேலை உள்ளவள். வேலையற்ற பட்டதாரிகளுக்கு நியமனம் கொடுக்கும்போது அவளை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்து வெளியேறிய அத்தனை பேருக்கும் இது மனப்பாடம்.

அதனால் நாங்கள் எல்லோரும் வேலை செய்துகொண்டே வேலையில்லாமல் இருந்தோம். ஒருத்தன் அரிசி ஆலையில் கணக்குப் பார்த்தான், ஆனால் ஆலையின் எந்தப் புத்தகத்திலும் அவன் இல்லை. என் தோழி ஒருத்தி செங்கலடியில் ஒரு புடவைக் கடையில் நின்றாள். பிரதேச செயலகத்து ஆட்கள் யாராவது கடைக்குள் வந்தால் சட்டென்று மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, வாங்க வந்தவள் மாதிரி சேலையைத் தடவிப் பார்ப்பாள். ஒருநாள் அப்படிப் பார்த்த சேலையை வந்த அதிகாரியே நல்லாயிருக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

நான் படித்தது பொருளியல். கடைசி வருஷ ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பே எங்கள் மாவட்டத்தின் தொழில்வாய்ப்புத்தான். வேளாண்மை, வாவி மீன்பிடி, கார்மென்ட் ஆலை, ஹோட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கச்சேரி முதலான அரசாங்க அலுவலகம், வெளிநாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் எழுதி, கறுப்பு அட்டை போட்டுக் கட்டிக் கொடுத்தேன். நல்ல புள்ளிதான் கிடைத்தது. ஆனால் ஊரில் ஒருவரும் அத்தியாயம் கேட்பதில்லை. அரசாங்க உத்தியோகமா, இல்லையா என்றுதான் கேட்பார்கள். இல்லை என்றால் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் சும்மா இருக்கிறாள் என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடும். அதிகாலை ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறி இருட்டுப்பட வீடு வருகிற என்னை எங்கள் ஊரான கிரானில் எத்தனை பேர் சும்மா இருக்கிறாள் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் நானும் அதைத்தானே எழுத்தில் நிரூபிக்கப் பாடுபட்டேன்.

என் கணவர் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறார். ஊர்ப் பாலத்துக்கு அப்பாலுள்ள வயல் வட்டைகளில் அறுவடை என்றால் கிழமைக் கணக்கில் வீட்டுப் பக்கம் வரமாட்டார். அறுவடை முடிந்தால் மெசினும் அவரும் சேர்ந்து படுத்துக் கிடப்பார்கள். அவருக்கு நடுமுதுகில் நோவு. ஹோட்டலில் பதியச் சொல்லலாமா என்று நான் எப்போது வாய் திறந்தாலும் அவருடைய பதில் ஒன்றுதான்.

“சும்மா இரிகா. இவ்வளவு நாள் பொறுத்திட்டம். ஒரு ஆளுக்கெண்டாலும் மழை வந்தாலும் வெயில் வந்தாலும் நிக்காத சம்பளம் வரணும். என்ட முதுகு இன்னும் எத்தின போகத்துக்கு?”

நான் எழும்பி, விடியற்காலைப் பஸ்ஸுக்குச் சேலையை எடுத்து வைப்பேன்.

மகள் பிறந்தபோது பயிலுநருக்குப் பிரசவ லீவு கிடையாது என்றார்கள். சரி என்றேன். இரண்டு மாதத்துப் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு வந்து, பால் கசிவது தெரியாமல் நெஞ்சுக்குள் துணியை வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு மேசையில் நின்றேன். கொரோனாவுக்கு ஹோட்டலைப் பூட்டியபோது நிரந்தரமானவர்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். எனக்குத் திறக்கும்போது அறிவிப்போம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதையும் பொறுத்தேன். நியமனம் கிடைத்தால் இதெல்லாம் ஒரு கணக்கா என்று நினைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழி மழையில் ஓர் அமெரிக்கக் கிழவர் வரவேற்பு மண்டபத்தில் மாட்டிக்கொண்டார். அவரை ஏற்ற வர வேண்டிய வான், வீதியில் வெள்ளம் என்று கும்புறுமூலைப் பக்கம் நின்றுவிட்டது. தேநீர் கொடுத்து உட்காரவைத்தேன். அவர் போட்டிருந்த தொப்பியில் ஒரு வெட்டு மெசினின் படம். என் கணவர் ஓட்டுவதும் இப்படியொன்றுதான் என்று சொன்னேன். அவ்வளவுதான், மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளக் காடுகளுக்கு நடுவில், அவருடைய நகரம். அங்கே அந்த மெசின் செய்கிற தொழிற்சாலையில்தான் அவர் வாழ்நாள் முழுக்க வேலை செய்தாராம். அவருடைய அப்பாவும் அங்கேதானாம். வேலை முடியும் சங்கு ஊதினால் நகரமே வீதிக்கு வந்துவிடுமாம்.

இப்போதும் அப்படித்தானா என்று கேட்டேன். இல்லை, தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்றார். அப்படியானால் ஆட்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். படித்த பழக்கம், விடுமா. அவர் விரல் மடித்துச் சொன்னார். ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு பல்கலைக்கழகம், ஒரு காப்புறுதிக் கம்பனி, நகரத்துக்கு வெளியே பன்றி வெட்டுகிற ஆலை. ஆஸ்பத்திரிதான் எல்லாவற்றிலும் பெரிசு, நாங்கள் கிழடாகிவிட்டோம், எங்கள் நோயைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, உங்கள் ஊரில் ஆகப் பெரிய வேலை கொடுப்பவர் யார் என்று திருப்பிக் கேட்டார்.

“அரசாங்கம்,” என்றேன்.

“அடுத்தது?”

“அரசாங்க வேலைக்குக் காத்திருப்பது.”

பகிடி என்று நினைத்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு என் பெட்ஜைப் பார்த்தார். பயிற்சி எப்போது முடியும் என்று கேட்டார். ஆறு வருஷம் முடிந்துவிட்டது, இன்னும் தெரியாது என்றேன். மழையும் விடுகிற மாதிரி இல்லை, நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்களைத் தொழிற்சாலை வேலையிலிருந்து நிறுத்தியது, நீங்கள் நிறுத்தப்படாமலே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி நடிக்கிறீர்கள், ஏன் என்று கேட்டார். அரசாங்க வேலைக்குத்தான் ஓய்வூதியம், அதற்காக என்றேன். அவருக்கு அது விளங்கியது. அவருக்கும் அந்தத் தொழிற்சாலையின் ஓய்வூதியம் வருகிறதாம், அதில்தான் பாசிக்குடாவுக்கு வந்தாராம்.

இந்த வருஷம் மாரி வேளாண்மை வெட்டுகிற நேரத்தில் எனக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. வயதெல்லை முடிய இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. கணவர் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். வெட்டு நாளில் ஒருபோதும் மெசினை விட்டு இறங்காத ஆள், அன்றைக்கு வேறொருவரை ஏற்றிவிட்டு என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் புத்திமதி.

“மறுகா அங்க போய் விருந்தாளிக்குச் சிரிக்கிற மாதிரிச் சிரிச்சிராத. வேலையில்லாத ஆள் மாதிரி இரி.”

“வேலையில்லாத ஆள் எப்பிடி இரிக்கும்?”

“என்னப் பாரு. போகம் முடிஞ்சா நான் இரிக்கிற மாதிரி இரி.”

நாவற்கேணி தாண்டும் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சேர்ந்து போன பயணம் வேறு ஞாபகமில்லை.

நேர்முகப் பரீட்சை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தருக்கு என்னைவிட வயது குறைவு. சான்றிதழ்களைப் பார்த்தாள், வேலையில்லை என்று கிராம சேவகர் தந்த கடிதத்தைப் பார்த்தாள், எல்லாம் சரி என்றாள். பிறகு என் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் அடித்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, உங்கட பேரில சேமலாப நிதி இரிக்கே.”

“இருக்க முடியாது. பிழையா அடிச்சிட்டீங்க போல.”

அவள் திரும்ப அடித்தாள். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். என் பெயர். என் இலக்கம். ஒரு கார்மென்ட்டின் பெயர். ஐந்து மாதம்.

அந்தக் கார்மென்ட்டை நான் மறந்தே போயிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதி வரும் வரைக்கும் வீட்டில் இருக்க அலுப்பாக இருக்கிறது என்று போனது. விடிய முதல் பஸ் வரும். நாளெல்லாம் சேட்டுக் கொலர் தைப்பேன், எந்த நாட்டுக்காரன் போடுகிறான் என்று தெரியாத சேட்டு. அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேன். சேர்ந்த முதல் நாளில் ஏதேதோ தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள், வாசித்துப் பார்க்கிற வயதா அது. நான் எட்டு வருஷமாக ஒரு முதலாளியின் காலைப் பிடித்து என் பெயரைப் பதியாமல் வைத்திருந்தேன். கேட்காமலே ஒருவன் ஒழுங்காகப் பதிந்து, ஒழுங்காகக் கட்டியும் இருந்திருக்கிறான்.

“அது நான் படிக்கப் போக முந்தி, தங்கச்சி,” என்றேன்.

“விளங்குது அக்கா. ஆனா கணக்கு இருந்தா விலக்கு எண்டுதான் எங்களுக்கு உத்தரவு வந்திரிக்கி. மேன்முறையீடு ஒண்டு எழுதிக் குடுங்க.”

அவளில் பிழையில்லை. தண்ணீர் குடிக்கிறீங்களா என்றும் கேட்டாள். வெளியே கணவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். நான் கையை உயர்த்தவில்லை. அவர் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்தார். திரும்பி வரும் வழியில் ஏறாவூரில் நிறுத்தி ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தார். அதைக் குடிக்கும்போதுதான் சொன்னேன். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “அஞ்சு மாசத்துக்கா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் விடிய மெசினுக்குப் போய்விட்டார்.

மேன்முறையீடு எழுதினேன். பதில் ஐந்து மாதம் கழித்து வந்தது, நிராகரித்து ஒரு வரி. அதற்குள் வயதெல்லையும் முடிந்திருந்தது. அழ வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை முகாமையாளரின் அறைக்குப் போனேன். திருகோணமலைக்காரர், எங்கள் ஹோட்டலுக்கு வந்து இரண்டு வருஷம். வருஷாந்தக் கடிதத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து மேசை லாச்சியை இழுத்தார்.

“அது வேணாம் சேர். என்னைப் பதிஞ்சு விடுங்க.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். காரணம் கேட்கவில்லை, அவருக்கும் விளங்கியிருக்கும். விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். பேனாவைத் திறந்து பெயர் எழுதினேன், முகவரி எழுதினேன். முன்பு சேமலாப நிதி இலக்கம் ஏதும் இருந்ததா என்று ஒரு கட்டம். கார்மென்ட் இலக்கத்தை எழுதினேன். இப்போது அது எனக்கு மனப்பாடம். அடுத்த கட்டம் வேலையில் சேர்ந்த திகதி. எட்டு வருஷத்துக்கு முந்திய ஒரு வைகாசி நாள், அதுவும் பாடம். முதல் இலக்கத்தைப் போடும்போதே முகாமையாளர் கையை நீட்டி மறித்தார்.

“பழைய திகதி போட ஏலாது தங்கச்சி. போட்டா எட்டு வருஷம் கட்டாம வச்சிருந்தம் எண்டு எங்கட தலையில விழும். நீங்கள் கேட்டுத்தானே அப்பிடி இருந்தது. இண்டைக்குத் திகதிய போடுங்கோ.”

நியாயம்தான். நான் கேட்டுத்தானே. அன்றைய திகதியை எழுதினேன். பிரசவ லீவில்லாத இரண்டு மாதமும், கொரோனா வருஷமும், தொப்பிக்காரக் கிழவரின் மழை நாளும் அந்தக் கட்டத்தில் இல்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, எழும்பும்போது தோளிலிருந்த பெட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தேன். புதியது எப்போது வரும் என்று கேட்டேன்.

முகாமையாளர் பெட்ஜை எடுத்துத் திரும்ப என் கையில் தந்தார். கொஞ்சம் கூச்சத்தோடுதான் தந்தார்.

“புதுசாச் சேருற ஆக்களுக்கு ஆறு மாசம் இதுதான். உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். வெளியே வாசலில் ஒரு வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, பெட்டிகளை இறக்கினார்கள். மேசைக்குப் பின்னாலுள்ள கண்ணாடியைப் பார்த்து, சேலைத் தோளைச் சரிசெய்து, பெட்ஜைக் குத்தினேன். இத்தனை வருஷமும் அது பொய் என்று எனக்குத் தெரிந்தே குத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதில் எழுதியிருந்தது உண்மை.