மூடிக்கு மேலதான் இருந்தனான்

இன்றைக்கு நெடுந்தீவில் இளைப்பாறிய மாஸ்டர் ஒருவருக்குப் கடையிலிருந்து கக்கூசுக்குப் புதுக் கொமட் ஒன்று கொண்டுபோனேன். குறிகட்டுவான் துறையிலேயே படகு நிரம்பிவிட்டது. இருக்க இடமில்லை. மூடியை இறக்கிவிட்டுக் கொமட்டின் மேலேயே இருந்துவிட்டேன்.

பின்னால் நின்ற அக்கா ஒருத்தி சத்தமாகச் சொன்னா:

"அண்ணை, முடிஞ்சால் சொல்லுங்கோ. நானும் வரிசையில நிக்கிறன்."

படகே சிரித்தது. அந்த நேரம் பார்த்து ஓர் அலை அடித்து என்னை இடுப்புவரை நனைத்தது.

"அண்ணை தண்ணியும் ஊத்திப்போட்டார்!" என்றா அதே அக்கா.

அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஐயர் ஒருவரும் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்.

இறங்குதுறையில் மாஸ்டர் நின்றார். அக்கா எனக்கு முதலே இறங்கி அவரிடம் கதையைச் சொல்லிவிட்டா. மாஸ்டரின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"பாவிச்ச சாமானையோ நீர் எனக்குத் தாறீர்?"

வியாபாரம் போச்சு என்று நினைத்தேன்.

"ஐயோ மாஸ்டர், மூடிக்கு மேலதானே இருந்தனான்!"

"பிடிபட்டவை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

வேறு மூடி கொண்டுவந்து பூட்டித் தருகிறேன் என்ற பிறகுதான் கொமட்டை எடுத்தார். கழற்றிய மூடியோடு படகேறித் திரும்பிப் பார்க்கிறேன், மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

இப்போது கடையில் ஒரு மூடி இருக்கிறது. ஒரேயொரு தரம், அதுவும் உடுப்போடு பாவித்தது. ஆருக்கும் வேணுமோ?