பல்கனியில் ஒரு தூண்டில்

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் ஒரு கிழவரைப் பராமரித்தேன். பனிநாடான கிரீன்லாந்தின் இனுயிட் இன மீனவர். அகன்ற முகம், என்னுடையதைப் போலவே உடைந்த இத்தாலிய மொழி. மகள் வீட்டுப் பல்கனியில் குனிந்திருந்து, வலது மணிக்கட்டை ஓயாமல் உயர்த்தித் தாழ்த்துவார். எங்கள் வீட்டில் முதன்முதல் படித்தவனல்லவா நான். நடுக்க நோயென்றே முடிவுகட்டினேன்.

"மகளிட்டைச் சொல்லட்டோ, ஐயா?"

"விசரா! சொன்னால் குளிசை தந்து கையை நிப்பாட்டிப்போடுவாள். கீழை பனியிலை ஓட்டை போட்டிருக்கிறன். தூண்டிலை ஆட்டாட்டி மீன் வராது."

சட்டென்று கையை மேலே இழுத்தார். கண்கள் நனைந்திருந்தன. வெறுங்கையை என்னிடம் நீட்டினார்.

"தனியச் சாப்பிடக்கூடாது, ஊருக்குப் பங்கு குடுக்கவேணும். இஞ்சை எனக்கு நீதான் ஊர்."

இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். மாலையில் மகள் வந்து, "அப்பாவுக்குக் கை நடுங்குதோ?" என்று கேட்டாள்.

"இல்லை, சிஞ்ஞோரா" என்றேன்.