யாக்கோவின் காதும் நடுவழியில் நின்ற வண்டியும்

வடகோடிப் பனிப் பிரதேசத்தில், குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் எந்த வண்டி இருமினாலும் யாக்கோவைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்துவிடுவார். வந்து, எஞ்சின் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சுகூட விடக் கூடாது. பிறகு கண்ணைத் திறந்து "வால்வு" என்பார், இல்லையென்றால் "பெல்ட்" என்பார். பாதி நேரம் அது சரியாகவே இருக்கும். மீதிப் பாதியை அவர் மறந்துவிடுவார், நாமும் மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் சொந்தமாக வாங்கிய வண்டிதான் அவர் மானத்தை வாங்கியது.

இடுப்பு போனதிலிருந்து யாக்கோவுக்கு நடை கிடையாது. சேற்றுக்கு மேல் போட்ட பலகைப் பாதையில் கடைவரை போவதற்கே அங்கங்கே நின்று மூச்சு வாங்குவார். மரமே இல்லாத துந்திரா வெளியின் ஈரப் பாசியில் காலை அழுத்தி நடப்பதெல்லாம் கனவில்தான். அதனால்தான் பள்ளிக்கூடத்து டீச்சர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய நாலுசக்கர வண்டியை, மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வகையை, வாங்கினார். அது ஓடினால் அவர் தன் காலில் நிற்கிறவர். ஓடாவிட்டால், கோல்காவின் வண்டியில் பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்து போக வேண்டியவர்.

கோல்கா அவருடைய தாய்மாமன் மகன். எங்கள் பக்கத்தில் மச்சான்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்வது உரிமை மட்டுமில்லை, கடமை. ஒருத்தனுக்குத் தலைக்கனம் ஏறினால் அதை இறக்கிவைக்கிற வேலை பாதிரியாருக்கு இல்லை, மச்சானுக்குத்தான். யாக்கோவால் கோல்காவுக்கு ஓய்வே இருந்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு விருந்து. யாக்கோவின் மனைவி ஒக்கலேனா கொழுப்பையும் பழத்தையும் சேர்த்து அடித்து, பெரிய பாத்திரம் நிறைய அகுத்தாக் செய்து கொண்டுவந்திருந்தாள். கோல்கா ஒரு வாய் வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் எழுந்து அடுப்பைவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

"ஏன் அண்ணே?" என்றாள் ஒக்கலேனா.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. இதைத் தின்னுட்டு நெருப்புப் பக்கம் உக்கார பயமா இருக்கு. பெட்ரோல் ஊத்தியா அடிச்சே?"

சபை குலுங்கிச் சிரித்தது. விஷயம் இதுதான்: பழவாளிகளை வண்டியின் முன்பக்கக் கம்பித் தட்டில்தான் கட்டிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் வாசனை வழியெல்லாம் பழத்தில் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்த ஒக்கலேனா கணவனைப் பிடித்து உலுக்கிவிட்டாள். யாக்கோ முகர்ந்து முகர்ந்து பார்த்து, பெட்ரோல் டேங்க் மூடியிலிருந்து கிளம்பி ஹேண்டில்பார் பக்கம் போய் முடிகிற ஒல்லி ரப்பர் குழாயில்தான் நாற்றம் வருகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு குச்சியைச் சீவி அதன் வாயில் அடித்து இறக்கினார். நாற்றம் போயே போச்சு. அவர் கணக்கில் அது ரிப்பேரே இல்லை, பெண்டாட்டியின் நச்சரிப்புக்கு மருந்து. மறுநாளே மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நன்றாகப் போகும். பிறகு விக்கும், திணறும், செத்துப்போகும். பெட்ரோல் படகில் வந்து இறங்கினால்தான் உண்டு என்கிற ஊரில், வண்டி நின்றால் யாருக்கும் முதல் பயம் டேங்க் காலியா என்பதுதான். யாக்கோவும் முதலில் மூடியைத் திறந்து பார்ப்பார். திறக்கும்போதே வாயையும் திறப்பார். "அந்த டீச்சரம்மா ஓட்டத் தெரியாம ஓட்டி நாசம் பண்ணிட்டுப் போயிருக்கா!" டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும். மூடியைப் போட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். ஸ்டார்ட் பண்ணினால் கிளம்பிவிடும்.

"பாத்தியா? பிளக்குதான்னு சொன்னேன்ல?"

அடுத்த தடவை நின்றது. மூடியைத் திறந்தார், திட்டினார், மூடினார், ஃபில்டரை ஊதினார். கிளம்பியது. ஆக, ஃபில்டர்! அதற்கும் அடுத்த தடவை, மூடியைத் திறந்து மூடிய கையோடு, பாதிரியார் அந்த வழியாக வந்து வண்டிமேல் சிலுவை போட்டார். அதற்கும் கிளம்பியது. அதை மட்டும் யாக்கோ யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் கோல்காவே தன் பழைய வண்டியிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். மாட்டும்போது ஹேண்டில்பார் பக்கம் ஒரு கணம் பார்த்தார். குனிந்து ஸ்க்ரூவை முறுக்கினார். வண்டி கிளம்பியது, இரண்டு நாள் கழித்து ஆற்று வளைவில் நின்றது.

அன்று ஆவிக்குளியல் வீட்டில், ஆம்பளைகள் வியர்த்து வழிந்துகொண்டிருக்கும்போது கோல்கா ஆரம்பித்தார். "மச்சான், உன் காதுல மொதல்ல அழுக்கை எடு. அப்புறம் கார்புரேட்டர்ல எடுக்கலாம்."

யாக்கோவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இனிமே ஒரு தடவை நடுவழியில நின்னுச்சுன்னா வண்டியை நீயே எடுத்துக்கோ. நான் உன் பின்னாடி உக்காந்து வர்றேன்."

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்றார் கோல்கா.

சனிக்கிழமை யாக்கோவும் ஒக்கலேனாவும் சிவப்புப் பழம் பறிக்கக் குன்றுப் பக்கம் போனார்கள். வாளிகள் நிறைந்தன. திரும்பும் வழியில், பனிமூட்டம் இறங்கும் நேரம் பார்த்து, வண்டி விக்கியது, திணறியது, செத்தது. யாக்கோவுக்கு ஆவிக்குளியல் வீட்டில் விட்ட சவால் ஞாபகம் வந்தது. போச்சு, கால் போச்சு. மூடியைத் திறந்துகொண்டே டீச்சரம்மாவின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்.

"எதுக்குய்யா கத்துறே?" என்றாள் ஒக்கலேனா. "நீ பெருமூச்சு விட்டாச்சுல்ல, இனி கிளம்பிடும்."

"என்னது?"

"ஒவ்வொரு தடவையும் அப்படித்தானே? மூடியத் திறப்பே, உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விடுவே, அப்புறம் வண்டி கிளம்பும். நீ பிளக்கைத் தொடைச்சாலும் சரி, தொடைக்காட்டியும் சரி."

"நான் எங்கடி பெருமூச்சு விட்டேன்?"

"நீ விடலையா?"

இரண்டு பேரும் டேங்கைப் பார்த்தார்கள். யாக்கோவின் கண் மூடியிலிருந்து குழாய் வழியே மெதுவாக மேலே ஏறி, தான் சீவி அடித்த குச்சியில் போய் நின்றது. டேங்குக்குள் காற்றுப் போகிற ஒரே வழியை அடைத்தால் பெட்ரோல் எப்படி இறங்கும்? மூடியைத் திறந்தால்தான் உஸ்ஸென்று காற்று உள்ளே போயிருக்கிறது. ஊர் எஞ்சின்களுக்கெல்லாம் நாடி பார்த்த மனுஷர், சொந்த டேங்க் மூச்சுத் திணறியதைக் கேட்கவில்லை. கேட்க விட்டால்தானே அவர் வாய்! குச்சியைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினார்.

"யார்கிட்டயும் சொல்லாதே."

"பொய் சொல்ல மாட்டேன். கேக்கலேன்னா சொல்லவும் மாட்டேன்."

வண்டி ஊர்வரை வெண்ணெயாக ஓடியது. பலகைப் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் கோல்கா நின்றிருந்தார். ஒக்கலேனாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாளியிலிருந்து ஒரு பிடி பழத்தை அள்ளி வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"குச்சியை எடுத்துட்டியா மச்சான்?"

யாக்கோவின் கை தானாகப் போய்க் குழாயை மறைத்தது.

"பழம் திடீர்னு நாறாம போனப்பவே எனக்குச் சந்தேகம். கார்புரேட்டர் மாட்டும்போது கண்ணாலயே பாத்துட்டேன்."

"பாவி, மூணு வாரமா காட்டுல நிக்கிறேன்! சொல்லித் தொலைச்சா என்ன?"

"மூடியத் திறக்காம நீ இருக்க மாட்டே, திறந்தா வண்டி கிளம்பிடும்னு தெரியும்." கோல்கா சட்டைப் பையிலிருந்து நீளமான ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதை அந்தக் குழாயோட சேத்துப் பின்பக்கமா இழுத்து விடு. தங்கச்சி பழம் நாறாது." பிறகு குரலை மாற்றி, "சரி, நடுவழியில நின்னுச்சா இல்லையா?" என்றார்.

யாக்கோ மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"நின்னுச்சு."

"அப்ப வண்டி என்னுது. பின்னாடி உன்னை ஏத்திட்டுப் போக எனக்கு என்ன தலையெழுத்தா? நீயே ஓட்டு. காலம்பூரா ஓட்டு." ஒக்கலேனாவை இறங்கச் சொல்லி, வாளிகளை அவளிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு, கோல்கா பின்னால் ஏறிச் சௌகரியமாக உட்கார்ந்து மச்சானின் தோளைத் தட்டினார். "இப்ப ஆவிக்குளியல் வீட்டுக்கு விடு. எல்லாரும் வந்திருப்பாங்க. கதை சூடா இருக்கும்போதே சொல்லணும்."

யாக்கோ ஓட்டினார். இந்த ஒரு தடவையாவது நின்று தொலையாதா என்று எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். அது கடைசிவரை நிற்கவே இல்லை.